கப்பல் விருந்தில் ஒரு கோப்பை

"குடிப்பதற்கு என்ன வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அரை நிமிஷம் போதும் என்பீர்கள். எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. அந்த நான்கு இரவுகளில் கண்டதையும் கேட்டதையும் நம் சங்கத்து நண்பர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில், சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா தமது திருமணத்தின் வெள்ளி விழாவை உல்லாசக் கப்பல் ஒன்றில் கொண்டாடுவதென்று தீர்மானித்தார். எனக்கும் விமானச் சீட்டு வாங்கி அனுப்பிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, அங்கிருந்து புக்கெட், பிறகு மீண்டும் சிங்கப்பூர். ரசாயனப் பரிசோதனைச் சாலையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கழுவிக் கை வெளுத்துப் போயிருந்த எனக்கு இது கசக்குமா? புறப்பட்டுவிட்டேன்.

கப்பலை நான் வர்ணிக்கப் போவதில்லை. அதன் மாடிகளையும் நீச்சல் குளங்களையும் விளம்பரத் தாள்களிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது இராச் சாப்பாட்டைப் பற்றி. அதிலும், சாப்பாட்டோடு வருகிற கோப்பையைப் பற்றி.

இராச் சாப்பாடு பயணச் சீட்டிலேயே அடக்கம். எத்தனை தட்டு வேண்டுமானாலும் கேட்கலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. தண்ணீர், தேநீர், சாதாரணக் காப்பி இவையும் அடக்கம். ஆனால் ஒயின், பீர், சோடா கலந்த பானங்கள், புட்டியில் அடைத்த தண்ணீர், இவற்றுக்கெல்லாம் தனி விலை. கையில் காசு எடுக்க வேண்டியதில்லை. அறைச் சாவியாகவும் பணப்பையாகவும் ஒரே அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நீட்டினால் போதும். பணம் நம்மைவிட்டுப் போகிறது என்பது கடைசி நாள் காலையில் கணக்குச் சீட்டு வரும்போதுதான் தெரியும். வெகு சாமர்த்தியமான ஏற்பாடு!

முதல் நாள் இரவு, வெள்ளை விரிப்புப் போட்ட வட்ட மேஜையில் உட்கார்ந்தோம். என் முன்னால் மூன்று கண்ணாடிக் கோப்பைகள் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. வெறும் கோப்பை நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை நிரப்பாமல் இருப்பது ஏதோ மரியாதைக் குறைவு போல் தோன்றுகிறது. பரிசாரகர் தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்றை நீட்டினார். அது முழுவதும் ஒயின் பெயர்கள்தான். பக்கத்துக்குப் பக்கம் பிரான்ஸ், இத்தாலி, சிலி, ஆஸ்திரேலியா. எம்.எஸ்ஸி. படித்தும் ஒரு பெயரைக்கூட உச்சரிக்கத் தைரியம் வரவில்லை. "எனக்குத் தண்ணீர் போதும்" என்று மெல்லச் சொன்னேன். சொல்லும்போது தலை தானாகக் குனிந்தது. திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவன் குரல் போல இருந்தது என் குரல். தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எங்கள் மேஜையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு மூதாட்டியும் அவருடைய கணவரும் இருந்தார்கள். அந்த அம்மையார் புத்தகத்தைப் புரட்டினார். பரிசாரகரிடம், "விலை குறைந்த சிவப்பு ஒயின்களில் எது நன்றாக இருக்கும்?" என்று நாங்கள் எல்லோரும் கேட்கும்படியே கேட்டார். விலை குறைந்தது என்று சொல்லும்போது அவர் குரல் தாழவில்லை! ஒரு புட்டி வந்தது. பரிசாரகர் அதன் சீட்டைக் காட்டினார், திறந்தார், ஒரு வாய் அளவு ஊற்றினார். அம்மையார் முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். இந்தச் சடங்கு "உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம். ஒயின் கெட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த ஒரு வாய். தக்கை மூடியில் சில சமயம் டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் உண்டாகிவிடும். ஒரு லிட்டரில் நானோகிராம் கணக்கில் சில இருந்தாலே ஈர அட்டைப் பெட்டி நாற்றம் வந்துவிடும். சோதனைச் சாலையில் பெருங்கருவி வைத்துக் கண்டுபிடிக்கும் அளவை மனித மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது. நாற்றம் இருந்தால் திருப்பி அனுப்பலாம். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா நாம் நடுங்குகிறோம்!

அடுத்து நடந்ததுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு கோப்பை அருந்தினார்கள். புட்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அம்மையார் பரிசாரகரைக் கூப்பிட்டு, "மூடி வைத்துவிடுங்கள்" என்றார். அவர் தக்கையைச் செருகி, அறை எண்ணை எழுதி ஒட்டி, எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் இரவு அதே புட்டி அதே அளவோடு மேஜைக்கு வந்தது. மூன்றாம் நாள் தீர்ந்தது.

நண்பர்களே, திறந்த புட்டியை மூட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இதுவரை நான் பார்த்த மனிதர்கள் எவரும் மூடியதில்லை.

இதில் கணக்கும் இருக்கிறது. எங்கள் கப்பலில் ஒரு கோப்பை ஒயின் 12 டாலர். அதன்மேல் 18 சதவிகிதம் சேவைக் கட்டணம். ஆக 14 டாலர் 16 சென்ட். ஒரு புட்டி 45 டாலர்; கட்டணத்தோடு 53 டாலர் 10 சென்ட். 750 மில்லி லிட்டர் புட்டியில் ஐந்து கோப்பை வரும். ஐந்தையும் தனித்தனியே வாங்கினால் 70 டாலர் 80 சென்ட். இரண்டு பேர் மூன்று நாளில் குடிக்கப் போகிறார்கள் என்றால் புட்டிதான் இலாபம். மூன்று நாளுக்கு மேல் வைத்திருந்தால் காற்று பட்டுப் பட்டு, எத்தனால் அசிட்டால்டிஹைடாகி, பிறகு அசிட்டிக் அமிலமாகிப் புளித்துவிடும். வினிகர் என்ற சொல்லே பிரெஞ்சு மொழியில் புளித்த ஒயின் என்று பொருள்படுவதுதான். பல கப்பல் கம்பெனிகள், ஏறும் நாளன்று பெரியவர் ஒருவருக்கு ஒரு புட்டி ஒயின் சொந்தமாகக் கொண்டுவரவும் அனுமதிக்கின்றன. அதைச் சாப்பாட்டு மேஜையில் திறந்தால் திறப்புக் கூலி தனி. வழித் துறைமுகங்களில் வாங்கும் புட்டிகளையோ வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பயணம் முடியும்போதுதான் திருப்பித் தருகிறார்கள்.

நிற்க. என் சித்தப்பாவின் கதைக்கு வருகிறேன்.

சித்தப்பா கணக்கர் உத்தியோகம் பார்ப்பவர். சனிக்கிழமை இரவு ஒரு பீர் குடிப்பார். அதுவும் சித்தியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு. சித்திக்கோ தீபாவளி லேகியத்தைத் தவிர வேறு காரமான சமாசாரம் எதுவும் தொண்டையில் இறங்கியதில்லை. முதல் நாள் மாலை ஒரு பெண்மணி புன்னகையோடு வந்து "பானத் திட்டம்" என்ற ஒன்றை விளக்கினார். நாளொன்றுக்கு 70 டாலர், அதன்மேல் 18 சதவிகிதம். கட்டிவிட்டால் எத்தனை கோப்பை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரே நிபந்தனை: ஓர் அறையில் தங்கும் பெரியவர்கள் எல்லோரும் இந்தத் திட்டத்தை வாங்கியாக வேண்டும். ஒருவர் வாங்கி இருவர் குடித்துவிடக் கூடாதல்லவா? இது அந்தக் கப்பலில் மட்டும் உள்ள விதியன்று. பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் இப்படித்தான். நான் சித்தப்பாவின் மகனோடு தனி அறையில் இருந்தேன். அவன் பள்ளிக்கூடப் பையன். ஆகவே நான் தப்பித்தேன். சித்தி தப்பிக்கவில்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 82 டாலர் 60 சென்ட். ஒயின் விலையால் வகுத்தால், போட்ட பணத்தை எடுக்க நாளொன்றுக்கு ஆறு கோப்பை குடிக்க வேண்டும். ஆனால் சித்தி பங்குக்கும் சேர்த்துப் பணம் கட்டியாயிற்றே? அதையும் எடுப்பதென்றால் பன்னிரண்டு கோப்பை!

ஆறு கோப்பை என்றால் என்ன என்று நம் துறைப் பாஷையில் சொல்கிறேன். 150 மில்லி லிட்டர் ஒயினில் 13 சதவிகிதம் எத்தனால் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 15 கிராம். ஆறு கோப்பைக்கு 92 கிராம். பிரிட்டிஷ் மருத்துவ ஆலோசகர்கள் 2016ஆம் ஆண்டில் ஒரு வாரம் முழுவதற்கும் இதற்கு மேல் வேண்டாம் என்று சொன்ன அளவே 14 யூனிட், அதாவது 112 கிராம்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், தீங்கில்லாத அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்றே அறிவித்துவிட்டது. மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஆக, ஒரு வாரத்துக்கு எல்லை என்று சொன்னதை ஒரே நாளில் கிட்டத்தட்ட எட்டினால்தான் "நஷ்டமில்லை" என்கிறது திட்டத்தின் கணக்கு. கார்னிவல் கம்பெனியின் கப்பல்களில் இத்தகைய திட்டத்துக்கு 24 மணி நேரத்தில் 15 மதுபானம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு பதினைந்து! படித்தபோது சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை.

சித்தப்பா அறையிலிருந்த குறிப்புத் தாளில் கோடு போட ஆரம்பித்தார். ஒரு கோப்பைக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. தொழில் பழக்கம் எங்கே போகும்? முதல் நாள் நான்கு கோடு. "ரெண்டு நஷ்டம்டா" என்றார். இரண்டாம் நாள் எட்டு. காலையிலேயே ஆரம்பித்தால்தான் முடியும் என்று கண்டுகொண்டார்.

பினாங்கில் கப்பல் நின்றது. அங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சித்தியை அழைத்துப் போவதாகச் சித்தப்பா சிங்கப்பூரிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளி விழாவுக்கு அந்தத் தரிசனம்தான் சித்தி கேட்ட ஒரே பரிசு. காலையில் சித்தப்பா, "நீங்க போய்ட்டு வாங்க. கரையில இறங்கினா அந்த நேரமெல்லாம் வீண்தானே?" என்றார். திட்டம் கப்பலுக்குள் மட்டும் செல்லும், கரையில் செல்லாது. சித்தி ஒன்றும் பேசவில்லை. நானும் பையனும் சித்தியும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறினோம். மேலே போனதும் சித்தி இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்தார். இறங்கும் வழியில், "அவர் இப்படி இல்லைடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இல்லைதான். சித்தப்பா குடிகாரர் அல்லர். நஷ்டப்பட மனமில்லாத மனிதர். அந்த மனத்தைத்தான் திட்டம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் இரவு. எங்கள் மேஜைப் பரிசாரகர் இராமநாதபுரத்துக்காரர். முதல் நாளே அட்டையில் எங்கள் பெயர்களைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசியவர். அன்று சித்தப்பாவுக்குக் கொண்டு வந்த கோப்பை வேறு ஏதோ ஒயினாக இருந்துவிட்டது. சித்தப்பா குரலை உயர்த்தினார். "ஏய், அறிவிருக்கா உனக்கு?" என்றார். மேஜை முழுவதும் ஊமையாயிற்று. மொழி புரியாவிட்டாலும் அந்த ஆஸ்திரேலிய மூதாட்டி தம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசாரகர், "மன்னிச்சிருங்க சார், மாத்திக் கொண்டு வர்றேன்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றைக் கவனித்தேன். பரிசாரகர் பிலிப்பைன்ஸ் நாட்டவராக இருந்திருந்தால் சித்தப்பா ஆங்கிலத்தில் "தயவு செய்து" போட்டுத்தான் பேசியிருப்பார். தமிழர் என்று தெரிந்ததனால்தான் தமிழில் ஏசினார். வெளியூரில் வாழும் நமக்கு இந்த வியாதி உண்டு. தமிழரைக் கண்டால் மகிழ்கிறோம்; அந்தத் தமிழர் நமக்குப் பரிமாறுகிறவர் என்றால் உரிமையோடு மரியாதையைக் குறைத்துக்கொள்கிறோம்.

இரவு பந்தி முடிந்து மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் அவரிடம் போனேன். "அண்ணே, சித்தப்பா பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன்.

"விடுங்க தம்பி. உங்க சித்தப்பா தங்கமான மனுஷன். முதல் நாள் எங்க ஊர்ல மழை உண்டா, கண்மாயில தண்ணி உண்டான்னு அரைமணி நேரம் கேட்டார். திட்டம் வாங்கினவங்க மூணாம் நாள் இப்படித்தான் ஆவாங்க. நாலாம் நாள் அவங்களே வருத்தப்படுவாங்க" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் மறக்க முடியாது. திட்டக்காரர்கள் கேட்டு வாங்குகிற கோப்பைகளில் பெரும்பகுதி பாதியோடு நின்றுவிடுமாம். கொண்டு போய் வைப்பது ஒரு வேலை, திருப்பி எடுத்துக் கொட்டுவது இன்னொரு வேலை. "கொட்டுறதுக்குன்னே தனியா ஒரு ஆள் போடலாம் தம்பி" என்று சிரித்தார். 2006ஆம் ஆண்டில் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது; இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு என்பது அதில் ஒரு விதி. வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வு. மீதியைக் கூட்டிப் பாருங்கள். 91 மணி நேரம் வருகிறது! அத்தனையும் வேலையாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. கப்பலின் பாதுகாப்புக் கடமைகள் ஒப்படைக்கப்பட்ட மாலுமிகளின் இரத்தத்தில் மது 0.05 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 2010ஆம் ஆண்டு மணிலா திருத்தங்கள் சொல்லுகின்றன. ஆபத்து வந்தால் நம்மைப் படகில் ஏற்ற வேண்டியவர்களுக்கு அந்த விதி. ஏற வேண்டிய நமக்கோ நாளெல்லாம் ஊற்றும் திட்டம்!

மதுவிலக்குப் பிரசாரம் செய்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. ஒரு கோப்பை ஒயின் அருந்துகிறவரை நான் குறைவாக நினைக்கவும் இல்லை. அந்த ஆஸ்திரேலிய அம்மையாரிடம் எனக்கு மதிப்பே உண்டாயிற்று. என் கவலை வேறு. நமக்கு மேஜை இல்லை என்பதுதான் என் கவலை.

நம் முன்னோருக்கு ஒயின் புதிதன்று. யவனர் தம் கலங்களில் கொண்டு வந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூறு பேசுகிறது. முசிறிக்கு ஒயினும் வருகிறது, ஆனால் அதிகமில்லை என்று கிரேக்க வணிகன் ஒருவன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரிப்ளூஸ் என்னும் நூலில் குறித்து வைத்தான். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது அந்த மது ஜாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. அன்று கப்பல் ஏறி ஒயின் நம்மைத் தேடி வந்தது. இன்று நாம் கப்பல் ஏறி அதைத் தேடிப் போகிறோம். இடையில் என்ன நடந்தது? அண்மைக் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அரசாங்கம் மதுவிலக்குக் கொண்டு வந்தது. 1971இல் தமிழ் நாட்டில் அது தளர்ந்தது. 1974இல் திரும்பி வந்தது. 1981இல் மறுபடியும் போயிற்று. 2003 முதல் அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடையும் நடத்துகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறித்து உயிரைப் பறிப்பது. வகுப்பறையில் அந்தச் சமன்பாட்டை எழுதும்போது அந்த ஊர்ப் பெண்களின் முகம் நினைவுக்கு வராமல் இல்லை.

இப்படிப்பட்ட சரித்திரத்தில் வளர்ந்த நமக்கு மதுவைப் பற்றிப் பேச இரண்டே இடங்கள்: ஒன்று மேடை, மற்றொன்று கடை. மேடையில் அது மகாபாதகம். கடையில் நின்றுகொண்டே, மறைந்துகொண்டே, தீரும்வரை குடிப்பது. பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து, சோற்றோடு ஒரு கோப்பை போதும் என்று நிறுத்திக்கொள்வதை நாம் பார்த்ததில்லை. வேண்டாம் என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லவும் பார்த்ததில்லை. ஆகவேதான் "என்ன வேண்டும்?" என்ற கேள்வி வந்ததும் ஒருவன் என்னைப் போல் குனிகிறான், மற்றொருவர் என் சித்தப்பாவைப் போல் கோடு போடுகிறார்.

இனி, காரணத்தைச் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நம்மவர் சிலர் சேர்ந்து, படிப்பு முடித்துப் போகும் மூத்த மாணவர்களுக்கு ஓர் உணவகத்தில் விருந்து வைத்தோம். சங்கத்தின் நிகழ்ச்சியன்று, நண்பர்களாகக் கூடியதுதான். இருபத்திரண்டு பேர். ஏழெட்டுப் பேர் பீரும் விஸ்கியும் வரவழைத்தார்கள். பில் வந்தது. "தலைக்கு இவ்வளவு" என்று ஒருவர் வகுத்துவிட்டார். முதலாண்டு மாணவன் ஒருவன் தக்காளி சூப்பும் இரண்டு சப்பாத்தியும் சாப்பிட்டிருந்தான். அவனும் அதே தொகையைக் கொடுத்தான். எதிர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. புது ஊர், புது மனிதர்கள், பெரியவர்கள். அதன் பிறகு அவன் நம் பொங்கல் விழாவுக்கு வரவில்லை. பேச்சுப் போட்டிக்கும் வரவில்லை. ஒரு நாள் வழியில் பிடித்துக் கேட்டேன். "படிப்பு இருக்குண்ணா" என்றான். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தவன் நான்தான். கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

கப்பல் கம்பெனி சித்தியிடம் வாங்கிய 82 டாலர் 60 சென்ட்டுக்கும், நான் அந்தப் பையனிடம் வாங்கியதற்கும் என்ன வித்தியாசம்? கம்பெனியாவது முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்கிற்று.

அதே விருந்தில் இன்னொன்றும் நடந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருவர் ஒரு கோப்பை ஒயின் கேட்டு வாங்கினார். பாதியை அருந்தினார், மீதியை வைத்துவிட்டார். அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் விடுதிக்குத் திரும்புமுன் செய்தி திருச்சிராப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வீட்டில் ஒரு மாதம் அவரோடு யாரும் பேசவில்லை. விஸ்கி குடித்த ஏழெட்டு ஆண் பிள்ளைகளின் வீடுகளுக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. செய்தி அனுப்பியவர் யார் என்று நான் ஆராயப் போவதில்லை. இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

இப்பொழுது கப்பலை முடித்துவிடுகிறேன். நான்காம் நாள் காலையில் சித்தப்பா வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. குறிப்புத் தாளைக் காணோம். சித்தி கிழித்தாரா, சித்தப்பாவே கிழித்தாரா என்று எனக்குத் தெரியாது. இரவு மேஜைக்கு வந்ததும் சித்தப்பா உட்காராமல் நின்றார். பரிசாரகர் வந்தவுடன், "தம்பி, நேத்து நான் பேசினது தப்பு" என்றார். சுற்றியிருந்தவர்கள் முன்னிலையிலேயே சொன்னார். ஐம்பத்து நான்கு வயது மனிதருக்கு அது எளிதன்று. பரிசாரகர், "உட்காருங்க சார், சாம்பார் கேட்டீங்கன்னு சமையல்காரர்கிட்டே சொல்லியிருக்கேன்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அப்புறம் அவர் சித்தியிடம், "நீங்க நாலு நாளா தண்ணிதானே குடிக்கிறீங்க? பழச்சாறு, நல்ல காப்பி எல்லாம் உங்க திட்டத்துலயே உண்டும்மா" என்றார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நிபந்தனைகள் அச்சடித்த தாளை நாங்கள் மூவருமே படித்திருக்கவில்லை! அன்றிரவு சித்தி அன்னாசிப் பழச்சாறு ஒன்று, ஆரஞ்சுச் சாறு ஒன்று, பிறகு புதினா போட்ட எலுமிச்சை ஒன்று என்று வரிசையாக வரவழைத்தார். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு, "போதும்" என்றார். சித்தப்பா ஏதோ கணக்குச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். என்னிடம் வந்தபோது, "எனக்குத் தண்ணீர்" என்றேன். குனியவில்லை.

வருகிற மார்ச்சில் நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விருந்து. வெளியில் நடத்துவதென்று செயற்குழுவில் பேச்சு அடிபடுகிறது. நான் செயற்குழு உறுப்பினன் அல்லேன். ஆயினும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சாப்பாட்டுக்கு ஒரு பில், பானங்களுக்கு அவரவர் பேரில் தனிப் பில் என்று உணவகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்பவரை "ஏன்?" என்று கேட்கக் கூடாது, வேண்டும் என்பவரைப் பற்றி ஊருக்கு எழுதக் கூடாது. இரண்டு பில் போடுவது சிரமம் என்று உணவகக்காரர் முணுமுணுத்தால் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன். அந்த முதலாண்டு மாணவனிடமும் நானே போய்ச் சொல்லி அழைக்கிறேன். சென்ற ஆண்டு அவனிடம் கூடுதலாக வாங்கிய 640 ரூபாயைச் சென்ற வாரமே கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டான். விருந்துக்கு வருவதைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.